உப்பு வீதியில் ஓடும் பழைய லான்ட் றோவர்: கறளை அகற்றலும் தடுத்தலும்

பனிக்காலம் தொடங்கிவிட்டால் பிரித்தானிய வீதிகளில் உப்பு வண்டிகள் நடமாடத் தொடங்கிவிடும். மஞ்சள் விளக்குச் சுழல, இரவோடிரவாக அவை தூவிச் செல்லும் பழுப்பு நிறக் கல்லுப்பு வீதியிற் பனி உறைவதைத் தடுத்து எம் உயிரைக் காக்கின்றது. அதே உப்பு, நாம் அரும்பாடுபட்டு வாங்கிய வாகனத்தின் அடிவயிற்றை ஓசையின்றித் தின்றுகொண்டும் இருக்கின்றது. வெளியே பளபளக்கும் வாகனம் உள்ளே இற்றுப்போயிருப்பதை நாம் அறிவது, பெரும்பாலும் வருடாந்தப் பரிசோதனையில் அது தோல்வியுற்ற பின்னர்தான்.

புதிய வாகனம் வாங்கும் வசதி எம்மவரில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வதிவிட அனுமதி கிடைத்து, முதன்முதலாக ஒழுங்கான வேலை கிடைத்ததும், கையிலுள்ள சிறு தொகைக்கு ஒரு பழைய வாகனத்தைத் தேடுவதே வழமை. சந்தையிற் கடை போடுவோரும், கட்டட வேலைக்குக் கருவிகளை ஏற்றிச் செல்வோரும், நகரிலிருந்து தொலைவில் வாழ்வோரும் நான்கு சில்லுகளும் இயங்கும் பழைய லான்ட் றோவரை நாடுவதுண்டு. 'அது அலுமினிய உடம்பு, கறள் பிடிக்காது' என்ற நம்பிக்கையும் இதற்கு ஒரு காரணம். அந்த நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. மறுபாதியை அறியாதவர்களே பணத்தை இழக்கின்றார்கள். சிலவேளை உயிரையும் ஆபத்திற்கு உள்ளாக்குகின்றார்கள். அந்த மறுபாதியை இன்று நோக்குவோம்.

அலுமினிய உடல், உருக்கு எலும்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. அலுமினியம் ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. எனவே றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், அமெரிக்க ஜீப் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு தாம் எண்ணிய பண்ணை வாகனத்தின் உடலை அலுமினியக் கலப்புலோகத் தகடுகளாலேயே அமைக்கச் செய்தார். அவ்வாகனம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1958இல் இரண்டாம் வரிசையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. 1990இல் அதன் வழித்தோன்றலுக்கு டிஃபென்டர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி, சொலிஹல் ஆலையிலிருந்து அப்பழைய வடிவத்தின் இறுதி வண்டி வெளியேறியது. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் இவ்வண்டிகள் ஓடித்திரிந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உடலின் வெளித்தகடுகள் அலுமினியமாயினும் அவ்வுடலைத் தாங்கும் செசி எனப்படும் அடிச்சட்டம் உருக்காலானது. உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டி ஏணி வடிவில் அமைத்த சட்டம் அது. உள்ளே வெறுமையாக இருக்கும் இப்பெட்டிக்குள் சேறும் உப்புநீரும் புகுந்தால் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே லான்ட் றோவரின் சட்டம் வெளியிலிருந்து உள்நோக்கி அன்றி, உள்ளிருந்து வெளிநோக்கியே கறள் பிடிக்கின்றது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகட்டின் பெரும்பகுதி கரைந்துவிட்டிருக்கும்.

இரும்பு மீண்டும் மண்ணாகும் விதம்

கறள் என்பது வேறொன்றுமன்று. இரும்பு, ஒட்சிசன், நீர் ஆகிய மூன்றும் கூடிப் பிறப்பிக்கும் நீரேறிய இரும்பொட்சைட்டே அது. இம்மூன்றில் ஒன்றை விலக்கினாலும் கறள் உண்டாகாது. கறளுக்கு எதிராக நாம் செய்யும் எல்லா வேலைகளும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கின்றன. வர்ணமும் மெழுகும் நீரையும் காற்றையும் விலக்குகின்றன. நாகம் இரும்புக்குப் பதிலாகத் தன்னையே கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கின்றது.

உப்பு இதில் நேரடியாகச் சேர்வதில்லை, வேலையை விரைவுபடுத்துகின்றது. கறள் பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தொழிற்பாடு. இரும்பின் ஓரிடத்தில் இலத்திரன்கள் இழக்கப்பட்டு, மற்றோரிடத்தில் ஏற்கப்படுகின்றன. உப்புக் கரைந்த நீர் மின்னை நன்கு கடத்துவதால் இத்தொழிற்பாடு பன்மடங்கு விரைவுறுகின்றது. மேலும், உப்புக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினாற் போதும், மழை இல்லாமலே சட்டத்தில் ஒட்டியுள்ள கறியுப்பு ஈரமாகிவிடும். கனடாவிலும் வட ஐரோப்பாவின் சில பகுதிகளிலும் பயன்படும் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியன இன்னும் குறைந்த ஈரப்பதனிலேயே ஈரமாகிவிடுகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். உப்புப் படிந்த வாகனத்தைக் கழுவாமல் சூடேற்றிய கராஜில் நிறுத்துவது அதற்குச் செய்யும் உபகாரமன்று. கடுங்குளிரில் வெளியே நிற்கும்போது கறள் மெல்லவே பரவும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த அறையிலோ அது விரைந்து பரவும்.

கறளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு கூடிய இடத்தைப் பிடிக்கும். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் கறள் புகுந்தால் அது தகடுகளைப் பிதுக்கிப் பிரித்து, ஒட்டுக்களையும் கிழித்துவிடும்.

எங்கே பார்ப்பது?

முதலாவது, வண்டியின் பின்புறத்தில் இழுவைக் கொளுவி பூட்டப்படும் குறுக்குச் சட்டம். பின்சில்லுகள் அள்ளி வீசும் சேறு முழுவதும் இங்கேதான் சேர்கின்றது. இரண்டாவது, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள். மூன்றாவது, ஸ்பிரிங்குகளும் அதிர்வு தாங்கிகளும் சட்டத்துடன் பொருந்தும் இடங்கள். நான்காவது, இயந்திரத்திற்கும் சாரதியின் இருக்கைக்கும் இடையே நிற்கும் முன்சுவர், இது உருக்காலானது. இதன் கால்வைக்கும் பகுதிகளும், கண்ணாடிக்குக் கீழுள்ள மேல் மூலைகளும் முதலில் இற்றுப்போகும். ஐந்தாவது, கதவுகளின் உட்சட்டம். ஆறாவது, சட்டத்தின் ஓரமாக ஓடும் தடுப்புத் திரவக் குழாய்கள். இவை எல்லாவற்றிலும் இறுதியாகக் கூறியதே மிகவும் ஆபத்தானது. கறள் பிடித்த குழாய், அவசரமாகத் தடுப்பை அழுத்தும் கணத்தில்தான் வெடிக்கும்.

அலுமினியத்திற்கும் ஒரு நோய் உண்டு. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகின்றது. அதில் கரைவது அலுமினியமே. வர்ணத்தின் கீழே வெள்ளைப் பொடி தோன்றித் தகடு பொரிந்து உதிர்வது இதனாலேயே. கதவின் கீழ் விளிம்பிலும் தகடுகளை இணைக்கும் ஆணிகளைச் சுற்றியும் இதனைக் காணலாம்.

வாங்குமுன் ஒரு சுத்தியல்

பழைய லான்ட் றோவரை வாங்கச் செல்பவர் ஒரு மின்சூளையும், சிறு சுத்தியலையும், மழுங்கிய திருப்புளியையும் எடுத்துச் செல்ல வேண்டும். விற்பவரின் சம்மதத்தைப் பெற்று அடிச்சட்டம் நெடுகிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும்; இற்றுப்போன தகடு மட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். தட்டுவதற்குச் சம்மதியாத விற்பனையாளரிடம் நன்றி கூறி விடைபெறுவதே மேல். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சுப் பூசப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம்; அதன் கீழே எது மறைக்கப்பட்டிருக்கின்றது என்று கேளுங்கள்.

பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. எனப்படும் வருடாந்தப் பரிசோதனையின் பழைய முடிவுகளை, வாகனத்தின் பதிவிலக்கத்தைக் கொண்டு அரசின் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டிலிருந்தான பதிவுகள் அங்கே கிடைக்கும். ஆண்டுதோறும் 'அடிச்சட்டத்தில் கறள்' என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, திடீரென ஓர் ஆண்டில் அது மறைந்திருந்தால், திருத்த வேலை நடந்ததா, பூச்சு வேலை நடந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

40 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களிற் பெரும்பாலானவை, கணிசமாக மாற்றியமைக்கப்படாதிருந்தால், 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் இப்பரிசோதனையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. இதனைச் சிலர் விற்பனைக்கான ஒரு கவர்ச்சியாகக் கூறுவர். விலக்கு என்பது வாகனம் பாதுகாப்பானது என்பதற்கான சான்றன்று. ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தை ஓட்டுபவருக்கு, அது எத்தனை ஆண்டு பழையதாயினும், செல்லுபடியான எம்.ஓ.ரி. பத்திரம் கையில் இருந்தாலும், 2,500 பவுண் வரை தண்டமும், சாரதிப் பத்திரத்தில் 3 புள்ளிகளும், ஓட்டுவதற்குத் தடையும் விதிக்கப்படலாம். அந்நிய மண்ணில் புதிதாகக் கால் ஊன்றும் குடும்பத்திற்கு இத்தகைய சிக்கல் தேவைதானா?

வேலைக்கு முன்னர்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, உயர்த்திய பின்னர் உறுதியான தாங்கிகளை அடிச்சட்டத்தின் கீழோ அச்சின் கீழோ வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் படுக்கலாகாது. இற்றுப்போன இடத்தில் தாங்கியை வைப்பதும் அதே அளவு ஆபத்தே. கண்ணாடி, கையுறை, மூச்சுக்கவசம் ஆகிய மூன்றும் இன்றி வேலையைத் தொடங்க வேண்டாம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். உரசும்போது எழும் தூசி குழந்தைகளுக்குக் குறிப்பாகத் தீங்கு செய்யும். வேலை உடுப்புடன் வீட்டினுள் செல்லாதிருப்பதும், தூசியைக் கூட்டிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் நன்று.

முதற்பணி கழுவுதல். அடிச்சட்டத்தின் துளைகளினூடாக நீரைப் பாய்ச்சி, வெளிவரும் நீர் தெளியும்வரை உட்புறச் சேற்றை வெளியேற்ற வேண்டும். அதன்பின் பல நாட்கள் உலரவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசும் எப்பூச்சும் கறளைச் சிறைவைக்குமேயன்றி அழிக்காது.

கறளின் மூன்று நிலைகள்

முதல் நிலை மேற்பரப்புக் கறள். உருக்கு இன்னும் உறுதியாகவே இருக்கும். எண்ணெய்ப் பசையை முதலில் நீக்கி, இரும்புத் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்து, வெண்மையான உலோகம் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். கிறைண்டரில் பூட்டும் கம்பித் தூரிகை விரைவானது. ஆனால் அது கறளை அகற்றாமல் மினுக்கிவிடுவதும் உண்டு. பளபளப்பைக் கண்டு ஏமாறாமல் கரிய புள்ளிகள் எஞ்சியுள்ளனவா என்று உற்றுநோக்குங்கள்.

இரண்டாம் நிலை பொருக்குக் கறள். படைபடையாக எழும்பியிருக்கும். கூரிய உளியாலும் சுத்தியலாலும் முதலில் பொருக்கைத் தட்டி உதிர்த்த பின்னரே தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சும் கறளுக்குக் கறள்மாற்றித் திரவங்கள் உதவும். இவற்றுட் பலவற்றில் பொஸ்போரிக் அமிலமோ தனிக் அமிலமோ அடங்கியிருக்கும். முன்னையது கறளை இரும்புப் பொஸ்பேற்றாகவும், பின்னையது கருநீல நிறமான இரும்புத் தனேற்றாகவும் மாற்றுகின்றது. இத்திரவங்கள் மெல்லிய கறளிலேயே வேலை செய்யும். தடித்த பொருக்கின் மேல் பூசினால் மேற்றோலை மட்டுமே மாற்றும்.

சிறு பாகங்களை வண்டியிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. வெள்ளை வினாகிரியில் ஓரிரு நாட்கள் ஊறவைத்துத் தேய்த்து, அப்பச்சோடாக் கரைசலில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசலாம். மின்பகுப்பு முறையும் உண்டு. பிளாத்திக்குத் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, 12 வோல்ற் பற்றறி மின்னேற்றியின் மறை முனையை அதற்கும், நேர் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிற்கும் இணைத்தால் கறள் தளர்ந்துவிடும். இதில் மூன்று எச்சரிக்கைகள் உள. நேர் முனையில் துருவேறா உருக்கைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்வைகள் உண்டாகும். வெளிவரும் ஐதரசன் தீப்பற்றக்கூடியது ஆகையால் இவ்வேலையைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகள், கடினமாக்கப்பட்ட போல்ற்றுகள் ஆகியவற்றை ஐதரசன் நொறுங்கத்தக்கதாக்கிவிடும். அவற்றை இம்முறைக்கு உட்படுத்தலாகாது. அலுமினியப் பாகங்களைச் சோடா அரித்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

மூன்றாம் நிலை துளை. திருப்புளி உள்ளே இறங்கிவிட்டால் அங்கே தேய்ப்பதற்கு எதுவுமில்லை. நல்ல உலோகம் வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள உருக்குத் தகட்டை ஒட்டுவதே வழி. பசையாலும் கண்ணாடி நாராலும் அடைத்து மேலே வர்ணம் பூசுவது திருத்தமன்று, ஏமாற்று. எம்.ஓ.ரி. விதிகளின்படி ஸ்பிரிங், சுக்கான், தடுப்பு, இருக்கைப் பட்டி ஆகியன பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் உள்ள பாரந்தாங்கும் பகுதி கறளால் வெகுவாக நலிவுற்றிருந்தால் வண்டி தோல்வியுறும். இத்தகைய இடங்களைத் தேர்ந்த ஒட்டுவேலையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். வேலைக்கு முன்னர் பற்றறியின் இணைப்புகளைக் கழற்றுவதும், எரிபொருள் தாங்கியை அப்புறப்படுத்துவதும் கட்டாயமானவை. தடுப்புத் திரவக் குழாய்களையும் அவ்வாறே கைதேர்ந்தவர் மாற்ற வேண்டும். செப்பு நிக்கல் கலப்புலோகக் குழாய் கறளுக்கு ஈடுகொடுக்கும்.

அடிச்சட்டம் பல இடங்களில் இற்றுப்போயிருந்தால், நாகமுலாமிட்ட புதிய சட்டத்தை வாங்கி உடலை அதன்மேல் மாற்றுவோரும் உளர். ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்தில் முழுச் சட்டமும் தோய்த்தெடுக்கப்படுவதால் பெட்டியின் உட்புறமும் மூடப்படுகின்றது. செலவு பெரிது, ஆயினும் வண்டியை நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர், ஆண்டுதோறும் ஒட்டுவேலைக்குக் கொடுக்கும் தொகையுடன் அதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காப்புப் பூச்சு

சுத்தமாக்கிய உருக்கைச் சில மணித்தியாலங்களுக்குள் மூடிவிட வேண்டும். ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டாலே செம்மை படர்ந்துவிடும். வெறும் உலோகத்தின் மேல் நாகம் செறிந்த அடிப்பூச்சோ எப்பொக்சி அடிப்பூச்சோ பூசி, அதன் மேல் அடிச்சட்டத்திற்கான வர்ணத்தை இரு தடவை பூசுங்கள். நாகப்பூச்சு உருக்கை நேரடியாகத் தொட்டாலன்றிப் பயன் தராது. அலுமினியமும் உருக்கும் பொருந்தும் இடங்களில் இரண்டும் தொடாதவாறு காப்புப் பசையையோ நாடாவையோ இடையில் வையுங்கள்.

பெட்டியின் உட்புறத்திற்கு வர்ணம் எட்டாது. அங்கே குழிவு மெழுகே துணை. நீண்ட மெல்லிய குழாயைத் துளைகளினூடாக உட்செலுத்தி, மெல்ல வெளியே இழுத்தவாறு தெளிக்க வேண்டும். வெப்பமான, உலர்ந்த நாளில் தெளித்தால் மெழுகு ஒட்டுக்களின் இடுக்குகளுக்குள்ளும் ஊர்ந்து செல்லும். வேலை முடிந்ததும் நீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிட்டதா என்று பார்த்துத் திறந்துவிடுங்கள். வெளிப்புறத்திற்கும் மெழுகையோ, ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து பெறப்படும் லனோலினையோ பூசலாம். இறப்பர் போன்று இறுகும் பழைய பூச்சுக்கள் காலப்போக்கில் வெடித்து, வெடிப்பினூடாக நீரை வாங்கி மறைத்து வைத்துக்கொள்ளும். மெழுகோ மென்மையாக இருந்து சிறு கீறல்களைத் தானே மூடும். தடுப்புத் தட்டுகள், புகைபோக்கி, இறப்பர்ப் பாகங்கள் ஆகியவற்றில் எப்பூச்சும் படாதவாறு மூடிக்கொள்ளுங்கள்.

கழிவு இயந்திர எண்ணெயை அடியில் விசிறும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது இறப்பரைக் கெடுக்கும், தோலுக்குத் தீங்கானது, மழையில் கழுவுண்டு நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தும். சிக்கனம் என எண்ணி அதனைச் செய்ய வேண்டாம்.

ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு

செப்ரெம்பர் மாதத்தில், உப்பு வண்டிகள் புறப்படுமுன், அடியைக் கழுவி உலர்த்தி மெழுகைப் புதுப்பியுங்கள். குளிர்காலத்தில், உறைநிலைக்கு மேல் வெப்பம் உள்ள நாட்களில், சில்லு வளைவுகளையும் சட்டத்தின் பின்பகுதியையும் வெறும் நீரால் அலசுங்கள். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவியை வண்டியின் கீழே வைத்தாலே போதும். உள்ளே கால்விரிப்புகளைத் தூக்கி, நனைந்திருந்தால் வெளியே எடுத்து உலர்த்துங்கள். மார்ச் மாதத்தில், உப்புக்காலம் முடிந்ததும், முழுமையாக ஒருமுறை கழுவி, உரிந்த இடங்களைக் குறித்துவைத்துக் கோடையில் திருத்துங்கள்.

பழையதைப் பேணுதல் எம்மவருக்குப் புதியதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கின்றார்கள். உதிரிப்பாகம் கிடையாத இடத்தில் அவர்கள் கைக்கொண்ட பொறுமையும் கவனமும், எல்லாம் கடையில் கிடைக்கும் இந்நாடுகளில் எம்மிடமிருந்து நழுவிப்போகலாகாது. கறள் ஒரே இரவில் வருவதன்று. ஒரே நாளில் விரட்டக்கூடியதுமன்று. இற்றுப்போன பின்னர் ஒட்டுவேலையாளரைத் தேடி ஓடுவது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகவே முடியும். ஆண்டில் இரண்டு நாட்களும், ஒரு வாளி மெழுகும், ஒரு சிறு சுத்தியலும் போதும். வண்டியும் நிலைக்கும், அதில் ஏறிச் செல்லும் எம் பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்புவர்.